கடல் விட்டுப்போன கிளிஞ்சல்

கலையரசி தன் தங்கச்சி வீட்டில் இனிமேல் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தை மாசம், ஊர் முழுக்க வெங்காயம் பிடுங்குகிற நேரம். அடுத்த வீட்டுச் சண்டையை விசாரிக்க யாருக்கும் பொழுதில்லை. இருந்தாலும் விசாரித்தார்கள். அக்காளும் தங்கச்சியும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருப்பவர்கள். ஒரு வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தால் இன்னொரு வீட்டில் உலை மட்டும்தான் வைப்பார்கள். பாகப் பிரிவினையில் சண்டை வந்திருந்தால்கூட ஊருக்குப் புரிந்திருக்கும். இது ஒரு கதையால் வந்த சண்டை. அதுவும் பிள்ளைகளுக்கு எழுதிய கதை.

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே, சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓடும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அந்த ஊர். தங்கச்சி மணிமொழி அங்கே பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர். சோறு வேகும்வரை பிள்ளைகள் தட்டில் தாளம் போட்டு ஹெட்மாஸ்டரின் தலைவலியைக் கிளப்புவார்கள். அவர்களை அடக்க மணிமொழி கதை சொல்ல ஆரம்பித்தாள். மற்ற பள்ளிகளில் சோறு வெந்துவிட்டது என்றால் பிள்ளைகள் ஓடி வருவார்கள். இங்கே, "டீச்சர், இன்னும் கொஞ்சம் வேவட்டும்" என்று ஒரு சத்தம் வரும். இத்தனைக்கும் அவள் டீச்சர் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

மகள் நந்தினி பெரம்பலூரில் காலேஜ் படிக்கிறாள். அம்மாவை விரட்டி விரட்டி ஒரு கதையை எழுத வைத்தது அவள்தான். அதைப் போனில் டைப் அடித்து, திருச்சியில் பிள்ளைகள் புத்தகம் மட்டும் போடுகிற ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு அனுப்பினாள். பொங்கல் முடிந்த கையோடு அங்கிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. நாங்களே போடுறோம். முழுக்க உங்க சொந்தக் கதைதானேங்க? அப்படின்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க, போதும்."

மணிமொழி போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி அழுதாள். சந்தோஷத்தில்தான். குக்கர் விசில் அடித்து அடித்து ஓய்ந்ததுகூட அவள் காதில் விழவில்லை.

நல்ல செய்தியை முதலில் அக்காளுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று சாயங்காலமே அம்மாவும் மகளும் சுவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கலையரசியின் புருஷன் கொளஞ்சி வாசலில் உட்கார்ந்து வெங்காயப் பட்டறைக்குத் தட்டி கட்டிக்கொண்டிருந்தார். அறுவடை வெங்காயம் காற்றோட்டமாக நாலு மாசம் கிடக்க, தரையிலிருந்து தூக்கிக் கட்டுகிற கூண்டுதான் பட்டறை. கலையரசி பக்கத்தில் கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் இரண்டாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்துப் போடுவாள், பஸ் போர்டில் ஊர்ப் பெயரை அடையாளம் வைத்துக் கண்டுபிடிப்பாள். அவ்வளவுதான் படிப்பு. கேட்பதற்குப் படிப்பு வேண்டாமே.

"பெரியம்மா, அம்மா கத புஸ்தகமா வருது. ஒக்காந்து கேளுங்க" என்று நந்தினி போனைத் திறந்து வாசித்தாள்.

"ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் நம்ம ஊர் கடலுக்கு அடியில் இருந்தது. ஒருநாள் கடலுக்கு ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடுகிறவர்களைப் போல, தன் கிளிஞ்சலை எல்லாம் அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பியது…"

கலையரசியின் முகம் மலர்ந்தது. கையில் இருந்த கயிறு நழுவியது.

"'வந்து எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டுப் போன கடல் வரவே இல்ல'. அதான அடுத்தது?" என்றாள்.

நந்தினி போனைப் பார்த்தாள். அதுதான் இருந்தது.

"அல்லி, ஆம்பல்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. அடுத்தவங்க பொருளு நம்ம ஊர்ல கெடக்கலாமான்னு கிளிஞ்சல எல்லாம் கூடையில அள்ளிக்கிட்டு, கடலத் தேடிக்கிட்டுப் போவாளுவ. சரியா?" கலையரசி சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லச் சொல்ல மலர்ச்சி வடிந்தது. தங்கச்சியை நிமிர்ந்து பார்த்தாள். "ஏண்டி மணி, இது சின்னதொர மாமா குடுத்துவுட்ட புஸ்தகத்துல வந்த கதைல்ல? நீதான எங்களுக்குப் படிச்சுக் காட்டுன?"

அவள் சொன்னது முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட விஷயம். அவர்களுடைய அம்மா ஒரு புரட்டாசியில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். கலையரசிக்கு அப்போது கல்யாணத்துக்குப் பேச்சு எடுக்கிற வயசு. மணிமொழி பாவாடை சட்டை. குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு முழ நிலம் கிடையாது. அக்காள் ஒரு நிலக்காரரின் வெங்காயக் காட்டுக்கு, அந்த ஊர்ப் பேச்சில் கொல்லைக்கு, ஆள் வேலைக்குப் போனாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் தங்கச்சியும் கூடப் போவாள்.

பிடுங்கிய வெங்காயத்தைக் கொல்லையிலேயே காயப்போட்டு, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்னக் கத்தியால் அதன் தாளை, காய்ந்த இலையை, அரிவார்கள். காலையில் பனி. முந்தானையைத் தலைக்குச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால், பத்து மணிக்கு மேல் வெயில் ஏறி, காய்ந்த தாளின் வாசம் கிளம்பும். பழைய சோற்றுக்கு நாலு வெங்காயத்தைக் கடித்துக்கொள்ளலாம், அதை மட்டும் நிலக்காரர் கேட்க மாட்டார். பொழுது சாய்ந்து கிளம்பும்போது ஒவ்வொருத்தியும் வரப்பில் நின்று மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு வெங்காயம்கூட ஒளிந்து போகக் கூடாது என்று அப்படி ஒரு வழக்கம். பழகிவிட்டது என்று சொல்வார்கள். யாருக்கும் பழகியதில்லை.

அவர்கள் தாய்மாமன் சின்னதுரை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடையில் மாஸ்டராக இருந்தார். கடைக்கு வருகிற சிறுவர் பத்திரிகையை, வாரம் முடிந்ததும் டீக் கறையோடு கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். மணிமொழி அதை பஸ்ஸிலிருந்து கை நீட்டி வாங்கிய இடத்திலேயே படிக்க ஆரம்பித்து, ரோட்டோரம் நின்றபடி முடித்துவிடுவாள். மாமா அனுப்பாத வாரத்தில் போன வாரத்துப் புத்தகத்தையே திரும்பப் படிப்பாள். விளம்பரம், கேள்வி பதில், அச்சகத்தின் முகவரி வரை அவளுக்கு மனப்பாடம். தீனி கண்ட ஆடு மாதிரி, எழுத்து கண்ட இடத்தில் நின்றுவிடுவாள்.

ஒருநாள் கொல்லையில் சும்மா வாய்விட்டுப் படித்தாள். பக்கத்திலிருந்த தனம் கத்தியை நிறுத்தி, "சத்தமாப் படி புள்ள" என்றாள். அதிலிருந்து அவளுக்கு அதுவே வேலையாகிவிட்டது. மணிமொழி தாள் அரிய வேண்டிய பங்கை மற்றவர்கள் ஆளுக்கொரு கை அரிந்து அவள் கூடையை நிரப்பினார்கள். அவள் படித்தாள். பாறை நுனியில் மாட்டிக்கொண்ட ஒரு ராஜாவின் குதிரைக்காக அந்தக் கொல்லையே ஒரு வாரம் கவலைப்பட்டது. அம்மா போன வருஷம் அது. அந்த வருஷத்தில் நினைத்துப் பார்க்க அவளுக்கென்று இருப்பது, தான் படிக்கும்போது நிமிர்ந்திருந்த அந்த முகங்கள் மட்டும்தான்.

குதிரைக் கதை முடிந்தது என்றும் கடல் கதை ஆரம்பித்திருக்கிறது என்றும் அவள் சொன்னாள். அந்தக் கடல் கதைதான் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போனது. அந்த அறுவடை முழுக்க ஓடி, அடுத்த அறுவடையிலும் ஓடியது. அதற்குள் மணிமொழியைப் பெரம்பலூர் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். அல்லியும் ஆம்பலும் கூடையோடு பாதி வழியில் நின்றுபோனார்கள். லீவில் வந்தவளிடம் கலையரசி கேட்டபோது, "அந்தப் புஸ்தகம் இப்ப வர்றதில்லக்கா" என்றாள். அதோடு சரி.

இப்போது வாசலில் தங்கச்சி மெதுவாகச் சொன்னாள். "அக்கா, அது புஸ்தகத்துல இல்ல. மாமா திருப்பூருக்குப் போனதுலேருந்து புஸ்தகமே வரல. நீங்கல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தீங்களா, நானா சொன்னேன்."

"நீயா சொன்ன?"

"ஆமாங்க்கா."

"தாளப் பாத்து, பக்கத்தப் பெரட்டிப் பெரட்டிப் படிச்சியே. எங்கண்ணால பாத்தனே."

"படிக்கிற மாரி சொன்னேன்."

கலையரசி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எதுவும் இல்லை. "பாவாடைய ஒழுங்கா கட்டத் தெரியாது அப்ப ஒனக்கு. நீ எப்புடிடி அத நெனச்சிருப்ப? அது யாரோ பெரிய மனுசன் எழுதுன கத. கேட்டா எலும்பெல்லாம் இளகுமே, அந்தக் கதைய நம்ம வூட்டுப் புள்ள எழுதிருமா?"

நந்தினிக்குக் கோபம் வந்தது. "பெரியம்மா, கல்லாப்போன கிளிஞ்சலு நம்ம ஊரு ஓடைலதான் கெடக்குது. மெட்ராஸ்ல இருக்குறவருக்கு அது எப்படித் தெரியும்?"

"அவங்கல்லாம் படிச்சவங்க. தெரியாததா?" அச்சில் வந்தது என்றால் கலையரசிக்கு அப்பீல் கிடையாது. அவள் தங்கச்சி பக்கம் திரும்பினாள். "ஒன்னு நீ அன்னிக்கு எங்க எல்லாருகிட்டயும் பொய் சொல்லிருக்கணும். இல்லன்னா இன்னிக்குத் திருடுற. ரெண்டுல எதுடி?"

மணிமொழி கீழே நழுவிக் கிடந்த கயிற்றை எடுத்துச் சுருட்டினாள்.

"மடிய ஒதறிக் காட்டிட்டு வந்த குடும்பம்டி நம்மளது. ஒத்த வெங்காயம் எடுத்ததில்ல. அடுத்தவன் கதைய எடுத்து ஓம்பேரப் போட்டு வரப்போற காசுல, நீ ஆக்குற சோறு எனக்கு வாணாம்." கலையரசி எழுந்து உள்ளே போய்விட்டாள். கொளஞ்சி கட்டிய முடிச்சை அவிழ்த்து, மறுபடி கட்டினார். அவருக்கு எந்தப் பக்கம் பேசினாலும் ராத்திரி சோறு சிக்கல்.

இதுதான் நடந்தது. அதற்குப் பிறகு மணிமொழி குழம்புக் கிண்ணத்தைச் சுவருக்கு மேல் நீட்டினால் அந்தப் பக்கம் வாங்க ஆளில்லை. கொளஞ்சி மட்டும் ஒருநாள் வாங்கப் போய், பெண்டாட்டி பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டார்.

அதைவிட மோசம், மணிமொழிக்கே சந்தேகம் தட்டிவிட்டது. அந்த வயசில் கண்ணில் பட்டதை எல்லாம் விழுங்கியவள். எங்கேயோ, எதிலேயோ அந்தக் கடலைப் படித்திருந்து, மறந்துபோய், தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளோ? அக்காள் சொல்வதுபோல, நம்ம வீட்டுப் பிள்ளைக்கு அது எப்படித் தோன்றியிருக்கும்? பள்ளிக்கூடத்தில் சோறு வேகும்போது பிள்ளைகள் கூப்பிட்டார்கள். தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டாள். தட்டுத் தாளம் திரும்பவும் ஆரம்பித்தது.

"அவங்கள்ட்ட வேணாம்னு சொல்லிரு" என்றாள் நந்தினியிடம்.

"ஏம்மா? நீதான எழுதுன?"

"எனக்கே நெசமாத் தெரியலடி. தெரியாம எப்படிக் கையெழுத்துப் போடுறது? எங்க அக்கா சொன்ன எதையும் நான் தட்டுனதில்ல. அவதான் ஹாஸ்டலுக்குப் பொட்டி வாங்கிக் குடுத்து அனுப்புனா. அவ மொவம் சுருங்கி ஒரு புஸ்தகம் வந்து என்ன ஆவப் போவுது?"

நந்தினி பிடிவாதக்காரி. திங்கள்கிழமைவரை பொறுக்கச் சொல்லிப் பதிப்பகத்து அம்மாவிடம் கேட்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கலையரசி கொல்லையில் தாள் அரிப்பு. அந்தக் காலத்தில் மடியை உதறிய நிலத்தில் ஒரு துண்டு இப்போது கொளஞ்சி பெயரில் இருக்கிறது. நிலக்காரரின் மகன்கள் விற்றுவிட்டு சென்னைக்குப் போனபோது, கொளஞ்சி துபாயில் சம்பாதித்ததைப் போட்டு வாங்கியது. கலையரசி தன் கொல்லையில் யாரையும் உதற விடுவதில்லை. போகும்போது ஆளுக்கொரு மடி வெங்காயம் அவளே போட்டு அனுப்புவாள். மணிமொழியும் நந்தினியும் கத்தி எடுத்துக்கொண்டு போனார்கள். கோபம் சோற்றோடு நின்றது, வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா?

பஞ்சாயத்துக்கு ஆள் தயாராக இருந்தது. கீழப்பழுவூரில் மகள் வீட்டில் இருக்கிற தனத்தைக் கலையரசி போன் போட்டு வரவழைத்திருந்தாள். அந்தப் பழைய வட்டத்தில் உட்கார்ந்தவர்களில் அஞ்சாம் வகுப்புவரை போனவள் தனம் ஒருத்திதான். எழுத்துக்கூட்டிப் படிப்பாள். மணிமொழிக்குப் பக்கத்திலேயே உட்காருவாள். இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

காலைப் பனியில் ஆரம்பித்து வெயில் ஏறும்வரை கலையரசி பொறுத்தாள். புளிச்சோறும் வெங்காயத்தாள் பொரியலும் வந்து, எல்லாரும் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்ததும் பேச்சை எடுத்தாள்.

"தனக்கா, ஒன்ன ஒரு ஞாயம் கேக்கத்தான் வரச் சொன்னேன். அல்லி ஆம்பல் கத ஞாபகம் இருக்குதா?"

"கிளிஞ்சக் கூடையத் தூக்கிக்கிட்டுப் போவாளுவளே. மறக்குமா அது? எம்பேரப் புள்ளைக்குக்கூட சொன்னேன், பாதிலயே நிறுத்திட்டியேன்னு கடிக்க வரான்."

"அது புஸ்தகத்துல இருந்ததுதான? இவ தானா சொன்னேங்குறா."

தனம் வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். மணிமொழியைப் பார்த்தாள். மணிமொழி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காள் பக்கம் தீர்ப்பு வந்தாலும் பரவாயில்லை, தனக்காவது எது நிஜம் என்று தெரிந்துவிடட்டும் என்று இருந்தது அவளுக்கு.

"புஸ்தகத்துல குதிரக் கததான் இருந்திச்சு" என்றாள் தனம். "அதுவே முடியல. பாறையில குதிர நிக்கிறதோட பக்கம் கிழிஞ்சி போயிருந்திச்சு."

"அப்ப கடல் கத?"

"அந்தப் பழைய அட்டைக்குள்ள ஒரு நோட்டீச மடிச்சு வச்சிருந்தா. பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்து நோட்டீசு. நடுவுல இம்மாம் பெருசா ஒரு புழு படம். இவ அந்தப் புழுவப் பாத்துக்கிட்டே, அல்லி அழுதாங்குறா, ஆம்பல் சிரிச்சாங்குறா. மொத நாளு எனக்கே சந்தேகம், நமக்குத்தான் சரியாப் படிக்கத் தெரியலயோன்னு. எழுத்துக்கூட்டிப் பாக்குறேன், கடலும் இல்ல, கிளிஞ்சலும் இல்ல. ஏக்கருக்கு எத்தினி மூடி கலக்கணும்னுதான் போட்டுருக்குது."

வட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கலையரசி சிரிக்கவில்லை.

"ரெண்டு அறுப்பு முழுக்கத் தெரிஞ்சிக்கிட்டே இருந்தியா நீ? ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அவ கையில கத்தியக் குடுத்துருப்பீங்க. அப்புறம் கதைக்கு நான் எங்க போறது?"

மணிமொழி நிமிர்ந்தாள். அந்தப் புழு அவளுக்கு இப்போது ஞாபகம் வந்துவிட்டது. பச்சை நிறம், முதுகில் கறுப்புக் கோடு. அதைப் பார்த்தபடி அடுத்த வார்த்தைக்குத் தவித்த தவிப்பும் ஞாபகம் வந்தது. அது அவளுடைய கதைதான். வேறு யாருடையதும் இல்லை.

"நான் அரியலூரு போறப்பல்லாம் பழைய பேப்பர் கடைல நிப்பேன்" என்றாள் கலையரசி. யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாத குரலில் சொன்னாள். "கல்யாணம் ஆயி வருசக்கணக்கா. கடல் கத வந்த புஸ்தகம் இருக்குதாங்கன்னு கேப்பேன். கடக்காரன் சிரிப்பான். 'படிக்கத் தெரியுமாம்மா'ம்பான். ஒரு தடவ கட்டோட வாங்கியாந்து இந்த மனுசங்கிட்ட குடுத்தேன்."

"அம்புட்டும் இங்கிலீசு பேப்பரு" என்றார், ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த கொளஞ்சி.

"அம்மா போனப்ப எனக்கு விடிஞ்சா எந்திரிக்கவே மனசு வராது. யாருக்காவ எந்திரிக்கிறதுன்னு இருக்கும். அல்லிக்கு என்ன ஆச்சுன்னு கேக்கத்தான் வேலைக்கு வந்தேன் அப்பல்லாம். அத எழுதுன மவராசன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்னு மாரியம்மன் கோயில்ல வௌக்குப் போட்டுருக்கேன்டி." அவளுக்குக் குரல் உடைந்தது. "பக்கத்துல பாயில படுத்துத் தூங்கிக்கிட்டு இருந்திருக்க நீயி. நீயும்தான அம்மா இல்லாத புள்ள. ஒனக்கு யாருடி கத சொன்னா?"

"நீ கேட்டியேக்கா" என்றாள் மணிமொழி. "நீ கேட்டதாலதான் சொன்னேன்."

அக்காளும் தங்கச்சியும் கொல்லை நடுவில் உட்கார்ந்து அழுதார்கள். தனம், வெங்காயத்தின் காரத்தை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு தானும் கொஞ்சம் அழுதாள். நந்தினி எல்லாருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அழுகை ஓய்ந்ததும் கலையரசி மூக்கைச் சிந்திவிட்டு, தங்கச்சி பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"சரி, சொல்லு. கடலு கெடச்சிச்சா?"

"கெடச்சிதுக்கா. ரெண்டு பேரும் கூடைய எறக்கி வச்சி, 'ஒன் பொருளு, எண்ணிப் பாத்துக்க'ன்னு சொன்னாங்க. கடலு சிரிச்சிச்சு. 'நான் மறந்துட்டுப் போவல. ஒங்களுக்குன்னுதான் உட்டுட்டுப் போனேன். எடுத்துக்கிட்டுப் போயி ஒங்க ஊர்லயே வச்சிக்குங்க'ன்னு சொல்லிச்சு. திரும்ப சொமந்துக்கிட்டு ஊரு வந்து சேந்தாங்க. அதோட முடியுது."

பெண்கள் எல்லாரும் கத்தியை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்கள். தனம் தலையை ஆட்டினாள். கலையரசி மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

"அம்மாந் தூரம் தலையில வச்சி சொமந்துட்டுப் போனவளுவ, திரும்பவும் சொமக்கணுமா? அல்லிக்குக் கழுத்து வலிக்காதா?"

"கத அப்புடிக்கா."

"கடலு என்ன வேலையா இருக்குது? ஒரு அலைய அனுப்பிக் கொண்டாந்து உடச் சொல்லு."

"எழுதி அனுப்பியாச்சே."

"அச்சடிச்சுட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப மாத்து" என்றாள் கலையரசி. "ஒங் கததான."